மட்காட் பாயும் சாமி எலுமிச்சம்பழமும்

இராஜபாளையத்துக்கும் வில்லிபுத்தூருக்கும் இடையே அந்தக் காலத்தில் ஓடிய லோடு வண்டிகள் கண்மாய்க்குள் இறங்காமல் ரோட்டு மேலேயே ஓடியதற்கு இரண்டே பேர்தான் காரணம். ஒருவர் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் அய்யனார். இன்னொருவர் பஞ்சு மார்க்கெட் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் கடை போட்டிருந்த மட்காட் பாய். அய்யனாரையாவது குளித்துவிட்டுப் போனால் பார்த்துவிடலாம். பாய் எந்த வண்டியின் மேல் எந்த ஊருக்குப் போயிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

வண்டியின் மேல் என்று எழுதியது தவறில்லை. உள்ளே உட்காரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "ஸ்டேரிங் இழுக்குது பாய்" என்று போய் நின்றால், "நீ சொல்லாத, அது சொல்லட்டும்" என்பார். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்காட்டில் ஏறுவார். ஒரு காலைப் பம்பரில் ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் ஹெட்லைட்டைப் பிடித்துக்கொண்டு, "எடு வண்டிய" என்பார். வண்டி ஓட ஓடத் தலையைத் தொங்கப் போட்டு, சக்கரம் எப்படி ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். எதிரே வருகிறவர்களுக்கு, யாரையோ அடித்து அப்படியே அள்ளிக்கொண்டு வருகிற மாதிரித் தெரியும். மட்காட் பாய் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

எஞ்சினைத் தொடவே மாட்டார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"எஞ்சின் கெட்டா வண்டி நிக்கும் தம்பி. ஸ்டேரிங்கு கெட்டா வண்டி நிக்காது. இதுல எதப் பாக்கணும், நீயே சொல்லு."

கண்ணில் பட்ட எதையும் அசைத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்காருமுன் ஆட்டிப் பார்ப்பார். முடிவெட்டுகிற கடையில் நாற்காலியை ஆட்டிப் பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் பந்தல் காலைப் பிடித்து ஆட்டிவிட்டு, "அரை இஞ்சு ஆட்டம் இருக்கே" என்று சொன்னார் பாருங்கள், பாதிச் சனம் தெருவில் நின்றுதான் தாலி கட்டுவதைப் பார்த்தது.

நான் அப்போது ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்து, பேண்டேஜ் துணிக் கட்டுகளை வில்லிபுத்தூருக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் ஸ்டேரிங்கை இடது பக்கம் திருப்பினால், அந்தச் செய்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர ஒரு ஃபர்லாங் ஆகும். கொஞ்சம் வேகம் எடுத்தால் முன்பக்கம் சாமி வந்த மாதிரி ஆடும். ஒவ்வொரு வளைவிலும் "அய்யனாரப்பா" என்பேன். பிரேக்கை நம்பியதைவிட அவரை நம்பியதுதான் அதிகம்.

அந்த நேரத்தில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். என் மனைவி பிரசவத்துக்கு வில்லிபுத்தூரில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். மாமனார் பட்டாளத்தில் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்த மனிதர். மூன்றாம் மாதம் பிள்ளையைக் கூட்டி வர நாள் குறிக்கப் போன அன்று, என் வண்டியில் ஏறிக் கடைத்தெரு வரை வந்தார். இறங்கினார். மீசையைத் தடவினார்.

"மாப்ள, பனியில மலையில எல்லாம் ஓட்டியிருக்கேன். பயந்ததில்ல. இன்னிக்குப் பயந்துட்டேன். இதுல எம்பேத்திய ஏத்த முடியாது."

டாக்சி வைத்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். மாமனார் சரி என்றார். ஆனால் அறைக்குள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த என் மனைவி சரி என்று சொல்லவில்லை.

"எனக்கும் புள்ளைக்கும் ஆகாத வண்டி உங்களுக்கு மட்டும் எப்பிடி ஆகும்? டாக்சில வந்து எறங்கிட்டு, தினமும் நீங்க லோடு அடிக்கப் போனதும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கவா? அது நேரா ஓடுற அன்னிக்கு அதுலயே வாரேன். அதுவரைக்கும் நான் இங்கதான்."

கார்த்திகை மாதம் முடிய இருந்தது. மிச்சம் இருந்த நல்ல நாள் ஒரே ஒரு புதன்கிழமை. அதை விட்டால் மார்கழி. மார்கழியில் பிள்ளையையும் தாயையும் அனுப்ப மாட்டார்கள், தை பிறக்க வேண்டும். என் மகள் என் வீட்டு வாசலை மிதிக்க அந்த ஒரு புதன்தான் இருந்தது. கையில் எட்டு நாள். நேரே வேப்பமரத்தடிக்குப் போனேன்.

பாய் மட்காட்டில் ஏறினார். வில்லிபுத்தூர் ரோட்டில் எடுத்தேன். ஊர் எல்லையில் சைக்கிளோடு நின்ற ஏட்டு ஒருவர் கை காட்டினார்.

"எங்கய்யா அடிச்ச? ஆளு உசுரோட இருக்காரா?"

பாய் மெல்லத் தலையைத் தூக்கி, "ஏட்டையா, அந்த சைக்கிள இப்பிடிக் கொண்டாங்க" என்றார். ஹேண்டில்பாரைப் பிடித்து ரெண்டு ஆட்டு ஆட்டினார். "முன்னாடி பால்ரஸ் தேஞ்சு போச்சே. இதுலயா ஏறி வந்தீக? புள்ள குட்டி இருக்கா?"

நாங்கள் திரும்பி வரும்போது ஏட்டையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

மரத்தடிக்கு வந்ததும் பாய் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். கடகடவென்றது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார். அதுவும் கடகடவென்றது.

"கிங்பின் ரெண்டும் போச்சு. புஷ் போச்சு. டை ராடு எண்டு போச்சு. இம்புட்டு நாளா இத யாரு ஓட்டுனது?"

"நான்தான் பாய்."

"நீ உக்காந்திருந்த. ஓட்டுனது அய்யனாரு."

கிங்பின் என்பது முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாணி மாதிரி இருக்கிற இரும்புத் தண்டு. இடது பக்கத்துப் பின் சுலபமாக வந்துவிட்டது. வலது பக்கத்துப் பின் வர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. காலையிலும் மாலையிலும் மருந்து கொடுக்கிற மாதிரி மண்ணெண்ணெய் ஊற்றினார். சம்மட்டியால் அடித்தார். அடிக்கும்போதெல்லாம் அதனிடம் பேசினார்.

"வாய்யா ராசா. எம்புட்டு வருசந்தான் உள்ளயே கெடப்ப? வெயிலப் பாக்க வேணாமா?"

மூன்றாம் நாள் அது வெயிலைப் பார்த்தது. நடுவில் தேய்ந்து, இடுப்பு வைத்த மாதிரி இருந்தது. பாய் அதைத் துடைத்து, என் வண்டியில் கிடந்த பேண்டேஜ் துணியைக் கிழித்து அடிபட்ட விரலுக்குக் கட்டுவது போலச் சுற்றிக் கட்டி, என் கையில் கொடுத்தார்.

"குப்பையில போட்றாத. உன்னயும் உன் லோடையும் தாங்குன மனுசன்." இன்றைக்கும் எங்கள் வீட்டில் இஞ்சி தட்டுவது அந்த மனுசனை வைத்துத்தான்.

அந்தப் பின் உட்காருகிற புது புஷ்ஷை இழைத்து இழைத்துப் பின்னோடு பொருத்திப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. "கை அழுத்தத்துலயே உள்ள போவணும். சுத்தியல எடுத்தா அது உறவு இல்ல, பகை" என்றார். பிறகு மில் நூலை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்குமாக இழுத்துப் பிடித்து நேர் பார்த்தார். அதுவும் நாற்பதாம் நம்பர் நூல்தான் வேண்டும் என்று என்னை மில் வாசலுக்கு விரட்டினார்.

"முன்னாடி ரெண்டு சக்கரமும் ஒரு துளி ஒண்ணையொண்ணு பாத்த மாதிரி இருக்கணும் தம்பி, புருசன் பொண்டாட்டி கணக்கா. ரொம்பப் பாத்தாலும் தேயும். பாக்காம இருந்தாலும் தேயும்."

செவ்வாய்க்கிழமை காலையில் வேலை முடிந்தது என்றார். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு அய்யனார் கோவிலுக்குப் போய்ப் பூசை வைத்து, இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். முன்சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, கும்பிட்டு, நசுக்கிக்கொண்டு கிளம்புவதுதானே வழக்கம். வண்டியை முன்னே எடுத்தேன்.

"நிறுத்துலே!"

பாய் தரையோடு தரையாகப் படுத்து, நசுங்கிய பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடதுல பழம் ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பிதுங்கியிருக்கு. வலதுல வெளிப்பக்கமாப் பிதுங்கியிருக்கு. சக்கரம் கோணல்."

"பாய், அது சாமி பழம்!"

"அதனாலதான் நம்புறேன்" என்று சொல்லி, ஸ்பேனரை எடுத்து, முன்சக்கரம் இரண்டையும் இணைக்கிற டை ராடைத் தளர்த்திவிட்டார்.

திருப்பி முறுக்கியதும் வேறு பழம் கேட்டார். மார்க்கெட்டில் ரெண்டு வாங்கி வந்தேன். நசுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது கும்பிடாத பழம். வாய்க்கு வந்தத சொல்லுது. அங்கயே போயி வச்சுக் கும்பிட்டுக் கொண்டா."

மறுபடி மலையடிவாரம். மறுபடி பூசை. மறுபடி வலது சக்கரம் கோணல். மூன்றாம் தடவை சாயங்காலம் மூச்சு வாங்க நான் போய் நின்றபோது பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, இன்னிக்கு மட்டும் எத்தன வண்டி வாங்கியிருக்க?"

நடந்ததைச் சொன்னேன். பாவமோ என்று எனக்குப் பயம். சாமிக்கு வைத்த பழத்தை இன்னொருவர் அளவுகோலாக்கிவிட்டாரே! பூசாரி சிரித்தார். "உன் புள்ள வாற வண்டி நேரா இருக்கான்னு சாமிகிட்டத்தான கேக்காரு? கேக்கட்டும்." ஒன்றுக்கு நாலாகப் பழம் கொடுத்தனுப்பினார்.

அந்தத் தடவை இரண்டு பழமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பூ விரிந்தது போல நசுங்கியிருந்தன. பாய் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா பச்சப் புள்ள ஏறுது. நாளைக்கு நானும் வாரேன்."

புதன்கிழமை காலையில், மட்காட்டில் பாய் கொலு வீற்றிருக்க, நான் மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். மாமனார் பாயைப் பார்த்தார். பாய் மாமனார் வீட்டுக் கேட்டை ஆட்டிப் பார்த்தார்.

"யாரு மாப்ள இவரு?"

"ஸ்டேரிங் மெக்கானிக், மாமா."

"வண்டிக்குள்ள எடம் இல்லையா?"

"உள்ள இருந்தா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி" என்றார் பாய். "சாவி தம்பிகிட்ட இருக்கு. நீங்களே ஓட்டிப் பாருங்க."

மாமனார் சட்டைக் கையை மடித்து ஏறினார். நான் பின்னால் தொட்டியில் ஏறிக்கொண்டேன். பாய் மட்காட்டில். தேர் ஓடுகிற வீதிக்கு வண்டி வந்ததும் மாமனார் வேகத்தைக் கூட்டினார். முப்பது. வழக்கமாக ஆட்டம் தொடங்குகிற இடம் அதுதான். நாற்பது. நான் கண்ணை மூடினேன். என் பிள்ளைக்குத் தையா, கார்த்திகையா என்பது அந்த ஒரு வீதியில்தான் இருந்தது.

கண்ணைத் திறந்தால், மாமனார் இரண்டு கையையும் ஸ்டேரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கியிருந்தார். வண்டி கோடு போட்ட மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்ணாடி வழியே பார்த்த பாயும் ஹெட்லைட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோபுரத்தைப் பார்த்து நானும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு வண்டியில் போவதைப் பார்த்து, தெருவோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் எழுந்து கும்பிட்டார்கள்.

வீட்டு வாசலில் மாமனார் இறங்கி, பட்டாளத்துக்காரர் அடிக்கிற மாதிரி பாய்க்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏட்டி, புள்ளயக் கொண்டா. நல்ல நேரம் போவுது."

என் மனைவி பிள்ளையோடு வந்தாள். ஏறுமுன் ஒரு கையால் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பும்போதும் பாய் மட்காட்டில்தான் ஏறினார். ஆனால் சக்கரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக்கு வெளியே இருந்து பிள்ளைக்கு நாக்கைத் துருத்திக் காட்டினார். கண்ணை உருட்டினார். லுங்கி நுனியை முகத்தில் போட்டு எடுத்தார். பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

"பாய், ரோடு மறைக்குது!" என்று கத்தினேன்.

"நேராத்தான் போவும், ஓட்டுலே!"

இராஜபாளையம் வரும் வரை அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில், வழியில் இருக்கிற வளைவுகளில் அய்யனாரைக் கூப்பிட எனக்கு மறந்தே போனது. வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பாய் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அன்று சிரித்த அந்தப் பிள்ளை சமீபத்தில் சொந்தமாக ஒரு கார் வாங்கினாள். அய்யனார் கோவிலில் பூசை போட்டு, முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அவளே ஓட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் முழங்கால் வலியோடு குனிந்து பழங்களைப் பார்த்தேன். இரண்டும் பூ விரிந்த மாதிரி நசுங்கியிருந்தன.

நிமிர்ந்த பிறகும் காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே நின்றேன்.

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். எல்லாம் வழுவழுவென்று அழகாகத்தான் இருந்தது. பாய் உட்கார மட்டும் இடம் வைக்காமல் விட்டிருந்தார்கள்.