ஏழாம் நம்பர் படிவமும் நியோம்தாவும்

ஐம்பத்திரண்டு வயதில், ஆங்கில இலக்கியம் கற்பிக்கிற ஒரு பேராசிரியர், தான் வேலை பார்க்கிற கல்லூரி மைதானத்துக்குள் நுழையத் தடை வாங்கி, கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் ஏறி நின்று கம்பி வழியாக ஓட்டப் பந்தயம் பார்த்தார் என்று யாராவது சொன்னால் நம்பிவிடுங்கள். அது நான்தான். பெஞ்சும் ஆடியது.

அந்தத் தடையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் நியோம்தா. வங்காளத்தில் நியோம் என்றால் விதிமுறை, தா என்றால் அண்ணன். தென் கொல்கத்தாவில் இருக்கும் எங்கள் கல்லூரியின் விளையாட்டு அறைக் குமாஸ்தா. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்ததால் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலிதான் வரும். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டுமே பார்க்கலாம். ஒன்று அடித்துச் சொல்வேன்: எதிரிக் கல்லூரிகளை விட்டுவிட்டுச் சொந்தக் கல்லூரியின் மேலேயே இத்தனை புகார் எழுதிய மனிதர் இந்த நாட்டில் வேறு எவரும் கிடையாது.

விஷயம் இதுதான். கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டிகளை நடத்த ஒரு கமிட்டி இருக்கிறது. கமிட்டிக்கு ஒரு பச்சை அட்டை விதிமுறைப் புத்தகம். அதில் ஒரு ஏற்பாடு: சின்ன விதிமீறல் எதுவானாலும் கல்லூரி தானாகவே ஏழாம் நம்பர் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் தண்டனையும் சின்னது. அடுத்தவன் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டால் தண்டனை பெரியது. இதற்காக ஒவ்வொரு கல்லூரியிலும் ஒருவர் இருக்க வேண்டும். மற்றக் கல்லூரிகளில் அந்த ஒருவர் பெயரளவில் இருந்தார். எங்களுக்கு நியோம்தா வாய்த்தார்.

எனக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பொறுப்பாசிரியரைத் தேர்ந்தெடுத்த ஆசிரியர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அவ்வளவுதான் சம்பந்தம். மெட்ரோ கதவு மூடுமுன் ஓடிப்போய் ஏறுவதுதான் நான் அறிந்த ஒரே தடகளம். அதிலும் பெரும்பாலும் தோல்வி.

பொறுப்பேற்ற முதல் வாரத்தில் நியோம்தாவை முரிக்காரனோடு, அதாவது பொரி விற்கிறவனோடு, பார்த்தேன். பயிற்சி நேரத்தில் வீரர்களுக்குக் கல்லூரி சிற்றுண்டி கொடுக்கலாம், உணவு கொடுக்கக்கூடாது என்பது விதி. வெறும் பொரி சிற்றுண்டி. அதில் வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்க் கீற்று, கடுகெண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது எந்தக் கட்டத்தில் அது உணவாகிறது? இந்தக் கேள்வி மனிதகுலத்தில் வேறு யாருக்காவது தோன்றியிருக்குமா? நியோம்தாவுக்குத் தோன்றியது. கமிட்டிக்கு எழுதிக் கேட்டார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘எண்ணெய் விடும் வரை சிற்றுண்டி.’ அன்றிலிருந்து பயிற்சி முடியும் நேரம் முரிக்காரனின் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்று, “தேல் தியோ நா! தேல் தியோ நா!” என்று எண்ணெய்ப் புட்டியைத் தடுத்துக்கொண்டிருப்பார். கடுகெண்ணெய் இல்லாத ஜால்முரியைத் தின்று ஓடிய ஒரே அணி கொல்கத்தாவில் எங்களுடையது.

பூஜை விடுமுறையில் பயிற்சி கூடாது என்பது இன்னொரு விதி. எங்கள் பயிற்சியாளர் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் தடை ஓட்டக்காரன் ஒருவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறான். பழக்க தோஷத்தில் அவர், “ஹாட்டு தோலோ!” என்று கத்திவிட்டார். முட்டியைத் தூக்கு என்று அர்த்தம். அவன் தூக்கினான், பஸ்ஸைப் பிடித்தான். இரண்டு கடை தள்ளி அப்பளம் வாங்கிக்கொண்டிருந்த நியோம்தா பேனாவை எடுத்தார். ‘விடுமுறையில் அனுமதியற்ற பயிற்சி. கால அளவு: நான்கு வினாடி.’ தண்டனை, விதிப்படி, இரண்டு மடங்கு பயிற்சி நேரக் குறைப்பு. விடுமுறை முடிந்த முதல் நாள் மொத்த அணியும் மைதானத்தில் எட்டு வினாடி அசையாமல் நின்றது. நியோம்தா ஸ்டாப்வாட்ச் பிடித்தார். பாதியில் ஒருவன் தும்மிவிட, மறுபடி முதலிலிருந்து.

தன்னையும் அவர் விடவில்லை. கல்லூரியில் சேராத பள்ளி வீரர்களோடு நாங்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. வலை வீசுவதாகிவிடும். கரியாஹாட் பூஜைப் பந்தலில் ஒரு பள்ளிக்கூட உயரத் தாண்டல்காரி இவரைப் பார்த்து நமஸ்காரம் என்றிருக்கிறாள். இவர் தலையை ஆட்டிவிட்டார். ‘தலையசைப்பு, ஒன்று’ என்று படிவம் போனது. ஒரு மாதம் எந்தப் பள்ளி மாணவரோடும் பேசக் கூடாது என்று கமிட்டி பதில் எழுதியது. அவர் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. விலக்குக் கேட்டு விண்ணப்பம் எழுதி, அது கிடைக்கும் வரை பதினொரு நாள் வீட்டில் சைகையிலேயே குடும்பம் நடத்தினார்.

ஆண்டு முடிவில் கமிட்டி எல்லாக் கல்லூரிகளின் விதிமீறல் பட்டியலையும் அச்சடித்து அனுப்பும். ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராக ‘இல்லை’, ‘இல்லை’ என்று இருக்கும். எங்கள் பெயருக்கு நேராக இரண்டரைப் பக்கம். எங்கள் பிரின்சிபால் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஆம்ரா கி டாகாத்?” என்று என்னைக் கேட்டார். நாம் என்ன கொள்ளைக்காரர்களா என்று. இரண்டரைப் பக்கத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

எனக்கு ஒரே குறுகுறுப்பு. இந்த மனிதரை எது ஆட்டிவைக்கிறது? சிறு வயதில் ஏதாவது அநியாயம் நடந்திருக்குமோ? பெரிய லட்சியம் ஏதும் உண்டோ? நேரடியாகவே கேட்டேன்.

“ஏன் நியோம்தா, இதெல்லாம் எழுதித்தான் ஆகணுமா?”

“நாம எழுதினா ஒரு பக்கம் சார். அடுத்தவன் எழுதினா விசாரணை, பதில், பதிலுக்குப் பதில், நாப்பது பக்கம். அதை யாரு டைப் அடிக்கது? நீங்களா?”

அவர் இரண்டு விரலால் டைப் அடிப்பவர். லட்சியத்தைத் தேடிப் போனவன் இரண்டு விரலைக் கண்டுபிடித்துத் திரும்பினேன்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் பொன்னி என்று ஒரு எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. அப்பா கார்டன் ரீச்சில் வெல்டர். தமிழ்ப் பெண், ஆனால் கோபமும் சிரிப்பும் வங்காளத்தில்தான் வரும். மூன்று வருடமாகப் பல்கலைக்கழக அணிக்கு முயன்று, இரண்டு முறை மூன்றாவதாக வந்தவள். அணிக்கு இருவரைத்தான் எடுப்பார்கள். இது கடைசி வருடம். இந்தத் தேர்வு ஓட்டத்தையும் விட்டால் அவளுக்கு அடுத்து ஓட மைதானமே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கார்டன் ரீச்சில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவியைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்புகிறேன். கொட்டுகிற மழை. பஸ் ஸ்டாப்பில் பொன்னி நனைந்துகொண்டு நிற்கிறாள்.

“ஸார், பாஸ் ஆஸ்ச்சே நா! பஸ்ஸே வரல, ஒரு மணி நேரமா நிக்கேன்.”

ஏற்றிக்கொண்டு வந்து மைதானத்தில் இறக்கிவிட்டேன். உலகத்துக்கு உபகாரம் செய்துவிட்ட பூரிப்பு. மத்தியானம் விளையாட்டு அறைக்குப் போய் நியோம்தாவிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடினார். டிராயரைத் திறந்தார். ஏழாம் நம்பர் படிவம் வெளியே வந்தது.

“நியோம்தா, மழைங்க!”

“மழைக்கு விலக்கு இல்ல சார். மத்த பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகையை விளையாட்டு வீரருக்கு ஆசிரியர் கொடுக்கக் கூடாது. அடுத்த தடவ ஓடத் தெரியாத நாலு பிள்ளைகளையும் ஏத்திக்கிடுங்க. குடை யாரு பிடிச்சா?”

“என்ன?”

“கார்ல இருந்து இறங்கினாள்லா. மழைல்லா. குடை?”

“நான்தான் பிடிச்சேன்.”

“யாரு குடை? என்ன கலர்? எவ்வளவு தூரம்? துண்டு கிண்டு கொடுத்தீங்களா?”

“கொடுத்தேன். வேண்டாம்னுட்டா.”

“அது நல்லது” என்று அதையும் எழுதினார்.

நான் கெஞ்சினேன். இந்தச் சனிக்கிழமை சுழற்கோப்பைப் போட்டி, அவள் இல்லாவிட்டால் கோப்பை போய்விடும் என்றேன். அவள் முகத்தைப் பாருங்கள் என்றேன். அவர் கீபோர்டைத்தான் பார்த்தார். அடித்து முடித்ததும் படிவத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அதே மழையில் கமிட்டி ஆபீஸுக்குப் புறப்பட்டுவிட்டார்.

தீர்ப்பு வெள்ளிக்கிழமை வந்தது. பொன்னிக்கு ஒரு போட்டித் தடை. எனக்குப் பதினைந்து நாள் மைதானத் தடை. சனிக்கிழமை நான் பெஞ்சில் ஏறி நின்று, பொன்னி இல்லாத எண்ணூறு மீட்டரைப் பார்த்தேன். கோப்பை போயிற்று. பிரின்சிபால் நியோம்தாவை நூலகத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். நூலகர் உடனே விடுப்பில் போனார். பொன்னியோ நியோம்தா வரும் பாதையிலேயே நடப்பதில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம் முரியில் வெங்காயம்கூடப் போடவிடவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தேர்வு நாள். பத்து மணிக்கு எண்ணூறு மீட்டர். ஒன்பதரைக்கு என்னையும் நியோம்தாவையும் கமிட்டியின் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். வடக்கு கொல்கத்தாக் கல்லூரி ஒன்றின் பொறுப்பாளர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஓட்டக்காரிதான் போன வருடம் பொன்னியை மூன்றாவதாக்கியவள். மேஜையில் ஒரு போட்டோ, மைதான ஓரத்திலிருந்து யாரோ போனில் எடுத்தது. என் கார், பொன்னி, குடையோடு நான். படத்தில் நான் நன்றாகவே விழுந்திருந்தேன், அது வேறு விஷயம். புகாரை அவர் அன்றே தயாரித்து, மறுநாள் புதன்கிழமை காலை கொடுத்திருக்கிறார். கமிட்டி வழக்கம்போல அதன்மேல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்திருக்கிறது.

புகார் நின்றால் பொன்னிக்கு இந்த வருடம் முழுக்கத் தடை. வெளியே அவள் ஓட்ட நம்பரைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தாள்.

நியோம்தா பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். “செவ்வாய்க்கிழமை, மூணு நாப்பது. உங்க சீல் சார்” என்று ஆங்கிலத்தில் சொல்லி நீட்டினார். கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற பெரியவர், சீலைக் கண்ணாடிக்கு வெளியேயும் உள்ளேயும் பார்த்தார். “ஆமாம், இது ஏற்கெனவே வந்தது. தண்டனையும் முடிந்தது” என்றார்.

எதிராளி காலைக் கீழே இறக்கினார். “கார் வந்திருக்கலாம். குடை? போட்டோவில் குடை இருக்கிறதே! அதை மறைத்திருக்கிறார்கள். மறைத்தால் முழுத் தடை!”

நியோம்தா எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

“இணைப்பு இரண்டு. குடை, கறுப்பு, ஒன்று. பேராசிரியருடையது. கார்க் கதவிலிருந்து மைதானத்துப் பார்வையாளர் மேடை வரை, பதினொரு அடி.” நிறுத்தினார். “இணைப்பு மூன்று. துண்டு. கொடுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.”

தலைவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. “ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை கிடையாது. பெண் ஓடட்டும்” என்றார். எதிராளி மறுபடி ஏதோ ஆரம்பித்தபோது, “தயவுசெய்து போங்கள், இவர் இணைப்பு நான்கு வைத்திருக்கப்போகிறார்” என்றார்.

பொன்னி ஓடினாள். முதல் சுற்றில் ஐந்தாவது. கடைசி வளைவில் மூன்றாவது. நான் கத்திய கத்தலில் பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். கோட்டில் ஒரு தோள்பட்டை முந்தி இரண்டாவதாக வந்து, புல்லில் விழுந்து, வங்காளத்தில் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நேராக நியோம்தாவிடம் போய் அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் பதறிப் பின்வாங்கினார். அதற்கு விதிமுறை என்ன என்று பார்க்கவில்லை போலிருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. இலக்கியம் நடத்துகிறவனுக்கு நெஞ்சு நிறைந்தால் வசனம் வந்துவிடும்.

“நியோம்தா, உங்களை என்னென்னவோ நினைச்சேன். இன்னைக்கு அந்தப் பெண்ணைக் காப்பாத்தினது உங்க நேர்மைதான்” என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நேர்மையெல்லாம் இல்ல சார். படிவம் எல்லாத்தையும் சேத்து வச்சு மாசக் கடைசியிலதான் கொண்டு கொடுப்பேன். அன்னைக்கு நீங்க எங்கிட்ட வரதுக்கு முன்னாலயே ஸ்டாஃப் ரூம்ல, கேன்டீன்ல, கேட்ல, எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. உங்க வாய் எனக்குத் தெரியும்லா. அந்தப் பிள்ள ஓடணும்லா. அதான் மழையில போனேன்.”