மச்சான் வாங்கிக் கொடுத்த கார்டு

சேலையூர்,
16.2.1997

அஸ்தினாபுரத்தில் வசிக்கும் வங்கி அதிகாரியும் என் மைத்துனருமான திரு. குப்புராஜ் அவர்களுக்கு,

தங்கள் அக்கா செல்லியம்மாளின் கணவன் தசரதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவருக்கும் உடம்பு சுகம். மனசு சுகமில்லை, அதற்குக் காரணம் தாங்கள். தாங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவன் மானத்தைக் கப்பலேற்றிவிட்டவர்களுக்குச் சாப்பாடு நன்றாகவே இறங்கும்.

பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரத் தூரம், இதற்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். தங்கள் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று சபதம் செய்திருக்கிறேன். போனில் திட்டலாமென்று எடுத்தால் தங்கள் அக்கா பிடுங்கிக்கொண்டு, "இன்னாடா தம்பி, சாப்ட்டியா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். எனவே தபால்.

என் மகள் சாமுண்டீஸ்வரியைச் சிங்கப்பூர்ப் பையனுக்குக் கேட்டு வந்தது தாங்கள் அறிந்ததே. பையனின் அப்பா ஏகநாதன் மறைமலை நகரை விட்டுப் போய் பதினைந்து வருஷமாகிறது. "குடும்பத்தோட ஒரு தரம் வந்துட்டுப் போங்க, அப்புறம் முடிவு சொல்றோம்" என்றார். நான் முறைப்படி டாலர் மாற்றி, பனியனுக்குள் பை தைத்துக் கொண்டுபோவதாகத்தான் இருந்தேன். தாங்கள் என் வீட்டு சோபாவில் கால்மேல் கால் போட்டு, இரண்டு தட்டு வாழைக்காய் பஜ்ஜியைக் காலி செய்துவிட்டு என்ன சொன்னீர்கள்? "மாமா, பணத்த பனியன்ல தச்சிகினு போறதெல்லாம் பட்டிக்காட்டு வேலை. எவனாவது அடிச்சிகினு போனா அம்போதான். பேங்க் கிரெடிட் கார்டு எடுத்துகினு போங்க. ஒரு இழுப்பு, ஒரு கையெழுத்து, முடிஞ்சுது." கேம்ப் ரோட்டில் மூன்று ஏக்கரை மனை மனையாக விற்று, ஒவ்வொரு நோட்டையும் எச்சில் தொட்டு எண்ணி வாங்கிய நான், டை கட்டிய ஒருவன் சொன்னான் என்பதற்காக அதை நம்பினேன். கைச்செலவுக்கு ஐம்பது டாலர் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கார்டு வந்தது. பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். யாரிடம் சொன்னீர்கள்? பத்தொன்பது பத்திரம் பதிந்தவனிடம்! பதிவாளர் நிமிர்ந்து பார்த்து "போடுங்க" என்று சொல்லாமல் நான் இதுவரை பேனாவைத் திறந்ததில்லை. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து நிலத்தை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். கடைக்காரன் எதிரில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன். மழையில், வியர்வையில் கெட்டுவிடக் கூடாதே என்று தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ரேஷன் கார்டுக்குப் போட்ட கடையிலேயே கெட்டியாக லேமினேஷனும் போட்டேன். "சார், இதுவே பிளாஸ்டிக்குதானே?" என்றான் அந்தக் கடைக்காரன். "காசு என்னுது, உனக்கு இன்னாய்யா? போடு" என்றேன். ஒரு பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வது குற்றமென்று எனக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை மதியம், பையன் வீட்டார் ஒன்பது பேர், நாங்கள் மூன்று பேர், பெரிய ஓட்டல். "இன்னிக்கு சாப்பாடு என்னுது, யாரும் பர்ஸ எடுக்கக் கூடாது" என்று நானே சத்தமாகச் சொன்னேன். அவர்களும் கூச்சப்படாமல் சாப்பிட்டார்கள். நண்டு மட்டும் மூன்று முறை வந்தது. பில் நானூறு டாலருக்கு மேல். நான் அலட்டிக்கொள்ளாமல் கார்டை நீட்டினேன். பில் போடும் தமிழ்ப்பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓர் இரும்புப் பெட்டியில் கார்டை வைத்து, மேலே தாளை வைத்து இழுத்தால் எண் பதியுமாம். இது பெட்டிக்குள் உட்காரவே இல்லை.

"அங்கிள், இதுல கையெழுத்தே இல்லையே?"

"உன் எதிர்லயே போடறேம்மா, பேனா குடு."

லேமினேஷன் மேல் எந்தப் பேனாவும் எழுதவில்லை. சமையலறையிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. ஓரத்தை வெட்டி உரித்தால், லேமினேஷன் போட்ட சூட்டில் கார்டில் புடைத்திருந்த எண்களெல்லாம் தட்டையாகிக் கிடந்தன. பேங்குக்கு போன் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? தாங்கள் எங்கேயாவது பஜ்ஜி தின்றுகொண்டிருந்திருப்பீர்கள். ஏகநாதன் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்க்காமலிருக்க மிகவும் சிரமப்பட்டார். முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் எல்லோரும் புறப்பட்டு நிற்கிறார்கள், பில் கட்டியாகிவிட்டது. "கெளம்பலாம்பா" என்றாள் சாமுண்டீஸ்வரி. யார் கட்டினார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. ஏகநாதன்தான் கட்டியிருப்பார், வேறு யார்? பெண்ணைக் கொடுக்கப் போனவன் பையன் வீட்டுக் காசில் நண்டு தின்றுவிட்டு வந்தேன்.

வந்து பதினைந்து நாளாகிறது. சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் இல்லை. மணி அடித்தால் சாமுண்டீஸ்வரி ஓடி வருகிறாள், நம்மூர்க் குரல் என்று தெரிந்ததும் உள்ளே போய்விடுகிறாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது குப்புராஜ். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

எல்லாம் உன்னால். நீயும் உன் பேங்கும் உன் டையும்! காசு என்றால் கையில் சலசலக்க வேண்டும், நாலு பேர் பார்க்க எண்ணி வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அட்டையாம், இழுப்பாம்! இந்தச் சம்பந்தம் முறிந்தால் பாவம் உன் தலையில். அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் தாய்மாமன் என்று மாலையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்காதே. அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றபடி தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசிகள். குழந்தைகளுக்கு மட்டும்.

இப்படிக்கு,
இனி ரொக்கத்தைத் தவிர வேறெதையும் தொடாத
சே. தசரதன்

பி.கு: கவரை ஒட்டும்போது சிங்கப்பூரிலிருந்து போன். ஏகநாதன், எடுத்த எடுப்பில் "சம்பந்தி" என்றார். "அன்னிக்கு நீங்க எழுந்து போனதும் நான் பர்ஸ எடுத்தேன். அதுக்குள்ள உங்க பொண்ணு அவ கார்ட நீட்டிட்டா. 'ஆத்திர அவசரத்துக்குன்னு குப்புராஜ் மாமா குடுத்தாரு, அப்பாகிட்ட சொல்லாதீங்க, நொந்துடுவாரு'ன்னு சொன்னா. அப்பனோட மானத்த இப்படிக் காப்பாத்தற பொண்ண விட்டுட்டு நாங்க எங்க போய்த் தேடறது? தேதி குறிக்கத்தான் இத்தன நாளாச்சு." வைகாசியில் கல்யாணம். இங்கே விசாரித்தால், அந்தக் கார்டு உங்கள் கணக்கில் வாங்கியதாம், பில் உங்கள் பெயருக்குத்தான் வருமாம், பதினைந்து நாளாக உங்கள் அக்காவுக்கும் தெரியுமாம். நாளைக் காலையில் அந்தப் பணத்தோடு நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். தாய்மாமன் மாலையை நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும் மச்சான். ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டதால் இந்தக் கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிடுகிறேன். நான் வந்துபோன பிறகுதான் இது உங்கள் கைக்கு வரும். எழுதியது போல நான் காட்டிக்கொள்ள மாட்டேன். படித்தது போல நீங்களும் காட்டிக்கொள்ள வேண்டாம்.