தோல் படகிலிருந்து தொடங்குகிறவர்

ஆதியிலிருந்து ஆரம்பிக்கிற ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர் வீதம் கடவுள் தவறாமல் அனுப்பிவைக்கிறார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் கிடக்கும் எங்கள் தீவுக்கு வாய்த்தவர் ஹெக்டர் மக்காஸ்கில். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் ஏன் ஈஸ்டருக்கு வந்தன என்று இனிமேல் உங்களுக்கே புரியும்.

கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "காத்து அடிக்குதே, ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"தாராளமா. ஆனா இந்த ஜன்னல் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்பார். தொலைந்தது! ஒரு பேராயரின் கீழ் வரும் எங்கள் திருமண்டலத்தை நிறுவிய புனிதர் அயர்லாந்திலிருந்து தோல் படகில் வந்து இறங்கியது, பின்னாலேயே நார்வேக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் கொளுத்தியது, கொளுத்தியவர்களே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு பேராயரை நியமித்தது, ஒரே நாற்காலிக்கு இரண்டு பேராயர்கள் அடித்துக்கொண்டது, அப்புறம் பேராயரே வேண்டாமென்று நாடே சேர்ந்து துரத்தியது, துரத்தப்பட்டவர்கள் மாட்டுக்கொட்டகையில் ஒளிந்து ஆராதனை நடத்தியது, கடைசியில் மூன்று ஏழைத் திருமண்டலங்களை ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டியது என்று ஒரு பேராயரையும் விடாமல் வருவார். ஜன்னல்? அது திறந்தேதான் இருக்கும்.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் போன வருஷம் எங்கள் கோயிலின் உயிரே தொங்கியது. சபைச் செயலாளர் ஈஷ்பெல்லுக்குப் பத்து நாளாய்த் தூக்கமில்லை. கூரை ஒழுகுகிறது, ஆராதனைக்கு வருகிறவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம், எனவே கோயிலை மூடிவிடுவதா என்று பார்க்கப் புதுப் பேராயர் சனிக்கிழமை வருகிறார், மாலைப் படகில் திரும்புகிறார். அவள் கல்யாணம் நடந்த கோயில் அது. புருஷனை அடக்கம் செய்ததும் அங்கேதான். எப்படித் தூக்கம் வரும்?

எங்கள் சபையில் ஒரு வழக்கம். பேராயர் வந்தால் இருப்பவர்களில் மூத்தவர்தான் வரவேற்புரை சொல்ல வேண்டும். அவர் 'ஆமென்' சொல்லும்வரை பேராயரே ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது. மூத்தவர் யார்? வேறு யார்!

"ஹெக்டர் அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். வியாழக்கிழமை வயசானவங்களுக்கு சூப் போடறோமே, அதைச் சொல்லுங்க. கூரையைச் சொல்லுங்க. ஆமென் போட்டுட்டு உட்காருங்க. தோல் படகு மட்டும் வேணாம்."

"எனக்குத் தெரியாதா ஈஷ்பெல்? ரத்தினச் சுருக்கமா முடிச்சிடறேன்."

சனிக்கிழமை ஹெக்டர் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார். "பேராயர் ஐயா, நம்ம கோயில் கூரை ஒழுகுது."

ஈஷ்பெல்லுக்கு உயிர் வந்தது.

"ஏன் ஒழுகுதுன்னு கேட்டா, அதுக்கு நாம முதல்ல அயர்லாந்துக்குப் போகணும்."

வந்த உயிர் போனதுதான். நார்வேக்காரர்கள் கொளுத்திக்கொண்டிருந்தபோது படகின் முதல் சங்கு ஊதியது. பேராயர் கடிகாரத்தைப் பார்த்தார். மாட்டுக்கொட்டகைக்கு வந்தபோது இரண்டாம் சங்கு. பேராயர் பாதி எழுந்தார், சபையே அவரை முறைத்தது, உட்கார்ந்துவிட்டார். ஆமென் வந்தபோது படகு கண்ணுக்கு மறைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று எங்கள் தீவில் படகு ஓடாது, கடை திறக்காது, குழந்தைகளின் ஊஞ்சல்கூடச் சங்கிலியில் கட்டிக் கிடக்கும். ஆக, திங்கள்வரை பேராயர் கைதி.

"பாவி மனுஷன், குடியைக் கெடுத்துட்டாரே!" என்று அழுதுகொண்டேதான் ஈஷ்பெல் பேராயருக்குப் படுக்கை விரித்தாள்.

ஆனால் பாருங்கள், வேடிக்கை பார்க்க ஒன்றுமே இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், படகைக் கோட்டைவிட்ட பேராயர் என்றால் சும்மாவா? தீவே திரண்டது. பேராயரே கூடாதென்று எங்கள் கோயில் வாசலை மிதிக்காமலிருந்த எதிர்ச் சபைக்காரர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். வெளியே மழை. பிரசங்கத்தின் நடுவே கூரையிலிருந்து ஒரு சொட்டு, குறி பார்த்தாற்போல் பேராயரின் வழுக்கையில் விழுந்தது. கோயில் குலுங்கியது. முதலில் சிரித்தவர் பேராயர்தான்.

வாசலில் ஈஷ்பெல்லின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னை வேடிக்கை பாக்கத்தான் வந்தாங்கன்னு எனக்கும் தெரியும்மா. ஆனா வந்தாங்களே! மூடிட்டா அவங்க எங்கே வருவாங்க? முதல்ல கூரையைப் போடுவோம்."

ஈஷ்பெல் ஹெக்டரிடம் ஓடினாள். "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அவரு படகைத் தவறவிடணும்னு வேணும்னேதானே இழுத்தீங்க?"

ஹெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இழுத்தேனா? நீ கெஞ்சினியேன்னு பாதியை விட்டுட்டுத்தானே சொன்னேன்!"

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று உங்கள் மருமகள் ரசத்தில் உப்புப் போதுமா என்று கேட்டதற்கு உங்கள் கல்யாணப் பந்தியிலிருந்து ஆரம்பித்தீர்களே, அதை நான் சொல்லப் போவதில்லை. இப்போதுகூடப் பக்கத்தில் இருப்பவரிடம், "ஒரு கதை கேளுங்க, சுருக்கமாச் சொல்றேன்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாவம், அவருக்கு எத்தனை மணிக்குப் படகு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.