ஏழு பதவிகளும் ஓர் அங்கத்தவரும்

இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வேலை நடக்கும். ஏழு பேர் சேர்ந்தால் சங்க விதிகள் அடங்கிய யாப்பு ஒன்று எழுதப்படும், வேலை நடக்காது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. அந்த யாப்பை எழுதியவனே நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். மாங்குளத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். விடுமுறைக்கு வந்த இடத்தில் எட்டுப் பேருமாகப் பட்டதாரி மாணவர் சங்கம் ஒன்றைத் தொடங்கினோம். தலைவர், உபதலைவர், செயலாளர் (அடியேன்), உபசெயலாளர், பொருளாளர், அமைப்பாளர், பத்திராதிபர் (பத்திரிகை இன்றுவரை வரவில்லை) என்று ஏழு பதவிகளையும் ஏழு ஆண்களும் எடுத்துக்கொண்டோம். மிஞ்சியது என் அக்கா. எனக்கு ஒரு வருடம் முன்னரே பட்டம் பெற்றவள்.

"சங்கமெண்டால் அங்கத்தவர் எண்டு ஒராளாவது இருக்கத்தானே வேணும்," என்றார் தலைவர்.

"ஓம், நான் அங்கத்தவராய் இருக்கிறன்," என்றாள் அக்கா. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

சங்கத்துக்கு ஒரு நல்ல நோக்கமும் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க யாழ்ப்பாணத்து விடுதிக்குத்தான் போக வேண்டும். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த எங்கள் அப்பா, அக்காவையும் என்னையும் அப்படி அனுப்பியதிலேயே களைத்துப்போயிருந்தார். "மலரை அனுப்பேலாது. அவளுக்குப் பத்தோடை காணும்," என்று சொல்லிவிட்டார். மலர் எங்கள் தங்கச்சி. கணக்குப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். அவளுக்கு அது பத்தாம் வகுப்பு. கல்வி அதிகாரியை ஊருக்கு அழைத்து, மேல்வகுப்புக் கேட்டு மனுக் கொடுப்பதென்று தீர்மானித்தோம். அவரும் காலை ரயிலில் வருவதாகக் கடிதம் போட்டார்.

நான் மூன்று நாள் குந்தியிருந்து யாப்பில் உத்தியோகத்தர் கடமைகளை எழுதினேன். தலைவர் பாடசாலை வாசலில் மாலையிட்டு வரவேற்பார். அதுவரை மாலையை ஏந்தி நிற்பது உபதலைவர். அமைப்பாளர் மேடைக்கு வழிகாட்டுவார். பொருளாளர் கதிரையை இழுத்துப் போடுவார். நன்றியுரை உபசெயலாளர். கடைசியாக, என் புத்திசாலித்தனத்தின் உச்சமாக ஒரு விதி: 'ஒருவர் கடமையில் இன்னொருவர் தலையிடலாகாது.' அங்கத்தவரின் கடமை என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டேன்.

அன்று காலை, பங்குனி வெயிலில், இரவல் கோட்டுகளோடு ஏழு பேரும் பதவி வரிசைப்படி வாசலில் நின்றோம். ஸ்ரேசன் கூப்பிடு தூரம். கோச்சி வந்து ஊதியது. பிறகு ஊதிக்கொண்டு போயும்விட்டது. நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். பத்து நிமிடமாகியும் ரோட்டில் ஓர் ஆட்டைத் தவிர யாரும் வரவில்லை.

"அவரைக் கூட்டிவர ஸ்ரேசனுக்கு ஆர் போனது?" என்று உபதலைவர் கேட்டார்.

யாப்பை விரித்து முன்னும் பின்னும் புரட்டினேன். ஸ்ரேசன் என்ற சொல்லே அதில் இல்லை.

"ஆராவது ஓடிப்போகலாமே," என்றார் பொருளாளர்.

"எந்த விதிப்படி?" என்றார் தலைவர். "திருத்தம் கொண்டுவாறதெண்டால் ஏழு நாள் முன்னறிவித்தல் வேணும். இவர்தானே எழுதினவர்."

நான்தான் எழுதினேன். பத்திராதிபர் பிரேரிக்க, உபதலைவர் ஆமோதிக்க, வாசலிலேயே அவசரக் கூட்டம் ஒன்று தொடங்கியது. அரை மணித்தியால விவாதத்தின் பின் அமைப்பாளர் ஸ்ரேசனுக்கு ஓடிப்போய் வந்து, "அங்கை ஒரு காகமும் இல்லை," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சனம் காத்திருந்த மண்டபத்துக்குள் போய் மேடையேறினேன். "வன்னியில் மனிதர் வாழ்கிறார்கள் என்பதே சில அதிகாரிகளுக்குத் தெரியாது. வாக்குக் கொடுப்பார்கள், வரமாட்டார்கள்," என்று முழங்கினேன். சனம் கை தட்டவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்தது. (உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.) மலர் என்னைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினாள். முறைத்தேன். இன்னும் உரத்துப் பேசினேன்.

கடைசி வரிசை வாங்கிலிலிருந்து மெலிந்த ஒரு மனிதர் தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்தார். "செயலாளர் குறை நினைக்கக்கூடாது. நான் வந்து கனநேரம். இது ரெண்டாவது தேத்தண்ணி."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அதுவும் யாருடைய கடமையிலும் எழுதப்படவில்லை போலும்.

நடந்தது இதுதான். பலகாரம் கொண்டுவந்திருந்த அக்கா, கோச்சிச் சத்தம் கேட்டும் நாங்கள் அசையாமல் நிற்பதைக் கண்டு, மலரையும் ஏற்றிக்கொண்டு பின்வழியால் வண்டிலை ஸ்ரேசனுக்கு விட்டிருக்கிறாள். அதே வழியால் அவரைக் கொண்டுவந்து இருத்தியும்விட்டாள். வரும் வழியில் அவர் மலரிடம், "அடுத்த வருஷம் என்ன செய்யப்போறீர்?" என்று கேட்டாராம். "நெல்லுக் காயப்போடப்போறன் சேர்," என்றாளாம் மலர்.

நான் மனுவை நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வண்டிலிலேயே விளங்கிட்டுது. இவவுக்குச் சங்கத்திலை என்ன பதவி?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டார்.

"அங்கத்தவர் சேர்."

"மற்ற அங்கத்தவர்கள்?"

"அவா ஒராள்தான் சேர்."

மண்டபம் சிரித்து அடங்கக் கனநேரம் பிடித்தது. அந்தச் சந்தடியில் நன்றியுரை நடக்கவேயில்லை.

அடுத்த தையில் மேல்வகுப்புத் தொடங்கியது. மலர் அதில் படித்து, பிறகு அதே பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும்வரை கணக்குப் படிப்பித்தாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் பால் பொங்கி வழிந்தால், "ஆரின்ரை கடமை? யாப்பைப் பாருங்கோ," என்று யாராவது சொல்லாமல் அடுப்பு அணையாது.

மலரின் பிரியாவிடை விழாவில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். பழைய மாணவர்கள் வரிசையாக வந்து அவள் காலில் விழுவதைப் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, அண்டைக்கு நீ போயிருக்காட்டி இதொண்டும் இல்லை. உனக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை," என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள்.

"நன்றியுரை உபசெயலாளரின்ரை கடமையெல்லோ தம்பி," என்றாள். "நீ ஏன் தலையிடுறாய்?"