லைனை விடாத சீடி

என் மனைவியின் அக்காவை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தேன். பதற வேண்டாம். டெலிபோனிலிருந்து மட்டும்தான்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கிளாக்கர். நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் ஜீவராணி தெமோதரை அக்காவோடு போனில் இருப்பாள். ஒரு மணி நேரம்! என் தேத்தண்ணி ஆறிப்போனதே கிடையாது. வந்தால்தானே ஆறும்?

டெலிபோன் லைனில் இன்டர்நெட் ஓடினால் டெலிபோன் வேலை செய்யாது என்று ஆபீசில் சொன்னார்கள். ஆபீசில் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் இன்டர்நெட் ஓட்ட சொப்ட்வெயார் வாங்க, ஜீவராணியோடு பசறைக்கு பஸ் ஏறினேன்.

கடைக்கார ஜௌபர் நானா இரண்டு சீடிகளை எடுத்து வைத்தார்.

"இது சின்னது, கிளாக்கரையா. சும்மா இருந்தா தானா லைன வெட்டிரும். உங்க பழைய மெசினுக்கு இதுதான் தோது. மத்தது பெருசு. லைன விடவே விடாது. மெசின்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும்."

"சின்னதே குடுங்க நானா," என்றாள் ஜீவராணி அவசரமாக. "லைன் வெட்டினா நான் அக்காவோட பேசலாம்ல?"

அது போதாதா எனக்கு?

"பெருசு!" என்றேன்.

"வேணாங்க, சொன்னாக் கேளுங்க."

"ஒனக்கு இதப்பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு என்னங்க தெரியும்..." முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு முழுவதும் அதோடு மல்லுக்கட்டினேன். மெசின் மூன்று தடவை செத்துப் பிழைத்தது. கடைசியில் மோடம் கீச்சிட்டுக் கரகரத்து லைனைப் பிடித்தது. டெலிபோனைக் காதில் வைத்தேன். ஒரே இரைச்சல். என்ன இனிமை!

திங்கள் மாலை வீட்டில் பேச்சு மூச்சில்லை. வென்றுவிட்டேன்!

"ராணி, தேத்தண்ணி!"

அறையில் எட்டிப் பார்த்தேன். கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிற?"

"அக்காவோட எழுதிப் பேசுறேங்க. அவங்க வீட்லயும் கொம்பியூட்டர் வந்திருச்சு. இந்த வசதி பெரிய சீடியிலதான் இருக்காம். போன வாரமே ஜௌபர் நானாகிட்ட கேட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்டி சின்னதக் கேட்ட?"

"பெருசக் கேட்டிருந்தா நீங்க சின்னதத்தானே வாங்கியிருப்பீங்க!"

போனில் பேசினால் ஒரு மணி நேரத்தில் காதாவது வலிக்கும். இதற்கு அதுவும் இல்லை.

திரையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. ஜீவராணி திரும்பாமலே சொன்னாள்:

"அக்கா கேக்குறாங்க, நீங்க ரொட்டிக்கு மாவு பிசைஞ்சாச்சான்னு."

"பிசைஞ்சிக்கிட்டு இருக்காருன்னு போடு," என்றேன்.