இரண்டு மீனுக்கு ஒரு பங்காளி

காலி இடத்தைக் கண்டால் கை அரிக்கும் மனிதர்களில் ஒரு தனி ரகம் உண்டு. துணைசேர்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை மரத்தைப் பார்த்தால் பக்கத்தில் குழி தோண்டுவார். கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்தால் தன் அக்கா மகனின் சம்பளத்தைச் சொல்வார். எண்பது லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் தம்பாட்டுக்கு நீந்துவதைப் பார்த்தால், பெருமூச்சு விட்டுக்கொண்டே, "பாவம்" என்பார். மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்குத்தான் பொழுது போகவில்லை.

கசாக்ஸ்தானில், எங்கள் அல்மாட்டியில் இவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். கடலை நேரில் பார்த்தவர் அவர்களில் யாருமில்லை. அதனால் என்ன? எந்த மீன் எதோடு ஒத்துப்போகும் என்று கேட்டுப் பாருங்கள். தொட்டியின் அளவைக் கேட்க மாட்டார், மீனின் குணத்தைக் கேட்க மாட்டார், வம்சத்தைக் கேட்பார். கசாக்கியர் இருவர் சந்தித்தால் ஏழு தலைமுறைக்கு மேலே ஏறி, யாராவது ஒரு பாட்டனைப் பிடித்து, கீழே இறங்கும்போது அண்ணன் தம்பியாக இறங்குவார்கள். மீன்களையும் அவர் அப்படியே ஏற்றி இறக்குவார்.

ரவ்ஷானின் வீட்டுக்கு வந்தவர் துர்சின்பெக். அவளுடைய அப்பாவோடு பம்ப் நிலையத்தில் வேலை பார்த்தவர். அப்பா குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் வளர்த்த கோமாளி மீன்ஜோடி இருந்தது. அனல்மின் நிலையத்தில் அளவுக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ரவ்ஷான், தினமும் வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியில் உப்பின் அளவைப் பார்ப்பாள், ஆவியான தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் விடுவாள். அப்பாவுக்காகச் செய்ய அவளுக்கு மிஞ்சியிருந்த வேலை அது ஒன்றுதான்.

அப்பா இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்குத் துர்சின்பெக் கோட்டுக்குள் ஒரு கண்ணாடி ஜாடியைப் பொத்திக்கொண்டு வந்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு நீல மீன்.

"டாம்சல். உங்கப்பா மீனுக்குத் துணைக்கு."

"மாமா, இது சின்னத் தொட்டி. அந்த உள்மூலை நம்ம ஜோடியோடது. இவன விட்டா அதப் புடிச்சுக்கிட்டு அவங்கள அடிச்சே கொன்னுடுவான்."

"ஏன் அடிக்கிறான்? கோமாளி மீனும் டாம்சலும் ஒரே குடும்பம். போன்ல பாத்துட்டுத்தான் வாங்குனேன். பங்காளிங்கம்மா."

"அதான் பயமா இருக்கு."

சாப்பாட்டு விரிப்பின் மறுகோடியிலிருந்து எதிர்வீட்டு பிபிகுல் சிரித்தாள். "அவ சொல்றது சரிதான். எங்க வீட்டுப் பங்காளிங்க வந்துட்டுப் போனா டீத்தூள் டப்பாவையே தேட வேண்டியிருக்கு."

"யாராவது வேணும்னா, மணல்ல சும்மா படுத்துக் கெடக்கற சின்ன கோபி மீன் ஒண்ணு வைக்கலாம் மாமா. இல்ல, ஒரு இறால். அதுவும் இப்ப வேணாம்" என்றாள் ரவ்ஷான்.

"இறாலா?" துர்சின்பெக் சபையைப் பார்த்தார். "அது நமக்கு என்ன உறவு?"

அம்மா அவள் முழங்கையைத் தொட்டாள். "வாங்கிக்க. எல்லாரும் பாக்கறாங்க."

துக்க வீட்டுக்கு விருந்தாளி கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல எங்களில் எவருக்கு வாய் வரும்? புதுத் தண்ணீருக்கு மீனைச் சொட்டுச் சொட்டாகப் பழக்கவாவது செய்யலாம் என்று ரவ்ஷான் குழாய் எடுக்கப் போனாள். திரும்புவதற்குள் துர்சின்பெக் ஜாடியைக் கவிழ்த்துவிட்டிருந்தார்.

நீல மீன் நேரே உள்மூலைக்குப் போனது. ஜோடி வெளியே வந்தது.

"பாத்தீங்களா, விருந்தாளிய உக்கார வைக்கற மேலிடத்தையே குடுத்துட்டாங்க. மீனா இருந்தாலும் நம்ம ஆளுங்க" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

விருந்தாளி அந்த மேலிடத்தை விட்டு நகரவேயில்லை. மறுநாள் சிறிய கோமாளி மீனின் வால் கிழிந்திருந்தது. அது சூடேற்றியின் பின்னால், தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒண்டிக் கிடந்தது. ரவ்ஷான் கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மறைய இடமில்லாமல் செய்து, நீல மீனைப் பிடித்துக் கடையில் கொண்டுபோய் விட்டாள். கற்களை அப்பா வைத்தபடியே அடுக்கப் பார்த்தாள். வரவில்லை. சிறிய மீன் அந்த வாரமே செத்தது. அவள் உப்பின் அளவைப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

துணைசேர்ப்பவர் செய்ததை நினைத்து வருந்துவார் என்றா நினைக்கிறீர்கள்? வருந்தினார். எதற்கு என்பதுதான் விஷயம்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார், அடுத்த முறை வந்து தொட்டிமுன் உட்கார்ந்து. "ரெண்டா வாங்கியிருக்கணும். ஒத்தையா வந்ததாலதான் அவனுக்கு அவ்வளவு கோபம். இப்ப பாரு, இதுவும் ஒண்டி ஆயிடுச்சு. நாளைக்கே ஒரு ஜோடியோட வரேன்."

"வேணாம் மாமா. இது இப்படியே இருக்கட்டும்."

"ஒண்டியா எதுவும் இருக்கக்கூடாதும்மா." பிறகு அவர் பார்வை அம்மாவின் பக்கம் திரும்பியது. "நீங்களும் எத்தன நாள் இப்படி? எங்கக்கா சும்மாத்தான் இருக்கா. கொண்டாந்து விடறேன், வசந்தம் வரைக்கும் உங்களோட இருக்கட்டும்."

அம்மா அவருடைய கிண்ணத்தை வாங்கினாள். எங்கள் வீடுகளில் விருந்தாளிக்குத் தேநீரைக் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள்; குடிக்கக் குடிக்க ஊற்றலாம், அவரும் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். தேநீர் விளிம்பைத் தொட்டு, வழியப் பார்த்து, நின்றது. இரண்டு கைகளாலும் ஏந்தி அவர்முன் வைத்தாள்.

"குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று வாயால் சொல்வதைவிட இது மரியாதை. பொருளில் வித்தியாசம் இல்லை. துர்சின்பெக்குக்கும் புரிந்தது. குடித்தார், தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். ரவ்ஷான் அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். தொட்டியில் ஒரே ஒரு மீன். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'இருந்தாலும், அந்த ஒற்றை மீனுக்கு ஒரு சின்ன கோபியாவது வாங்கிவிட்டால் என்ன' என்று உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கிறதா? எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால், கிண்ணத்தில் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்று கவனித்துக்கொள்ளுங்கள்.