இது எங்கேயும் போகாது

சிவப்பு மோட்டார் சைக்கிள் இடது பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது.

டெல்மர் நோவாட்னி ட்ரெய்லரின் தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். வண்டியைத் தரை வளையத்தோடு இழுத்துக் கட்டும் வலது பட்டையை இரண்டு பல் இறுக்கினான். வண்டி வலது பக்கம் சாய்ந்தது. இடது பட்டையை இறுக்கினான். வண்டி நிமிர்ந்தது. ஆனால் முன்பக்கம் அமுங்கி, கும்பிடு போடுவதுபோல நின்றது.

“நாலு பட்டையும் போட்டாச்சா?” அடுப்புப் பக்கத்திலிருந்து அவன் மனைவி ரோண்டா கேட்டாள்.

“போட்டாச்சு. அஞ்சாவதும் போடலாமான்னு பார்க்கறேன்.”

“நாலு போதும்ப்பா. நாலும் இருந்தா விழாது.”

“அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?”

ரோண்டா முட்டைகளை ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டியில் அடுக்கினாள்.

அந்த ட்ரெய்லரின் முன்பாதி வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. பின்பாதி வண்டிக் கொட்டகை; அவன் வண்டியும் ரோண்டாவின் சிவப்பு வண்டியும் அங்கேதான். பின்சுவரைக் கீழே சாய்த்தால் அதுவே வண்டி ஏற்றும் சரிவுப் பலகை. கோடை வந்தால் நெப்ராஸ்கா மாநிலத்து ஒகலாலா ஊரில் இப்படி ஒன்று நிற்காத வாசல் குறைவு.

டெல்மர் ஐந்தாவது பட்டையைப் போட்டான். ஆறாவதைக் கட்டில் காலோடு சேர்த்தான். பிறகு எழுந்து, உள்ளங்கையால் பட்டையை ஒரு தட்டு தட்டினான்.

“இது எங்கேயும் போகாது.”

நெப்ராஸ்காவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. மீசையோடு சேர்ந்து தானாக முளைக்கிறது. பாரம் கட்டினால் பட்டையைத் தட்ட வேண்டும், இந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். தட்டாமல் கிளம்புகிறவனைப் பக்கத்து வீட்டுக்காரன் ஓடி வந்து நிறுத்துவான்.

போன வருடமும் டெல்மர் தட்டினான். சொல்லவும் செய்தான்.

போன வருடம், நண்பர்கள் வருடாவருடம் மோட்டார் சைக்கிள்களோடு கூடும் கோடை முகாமில், எல்லோரும் சுற்றி நிற்க, பின்சுவரை இறக்கினான். ரோண்டாவின் சிவப்பு வண்டி உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தில் தலைவைத்துப் படுத்திருந்தது. பெட்ரோல் டாங்கில் உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கு விழுந்திருந்தது.

“நாலு கட்டினேன்,” என்றான் டெல்மர். “சாட்ரன்ல ஐஸ் வாங்க இறங்கினப்போகூடப் பார்த்தேன், நாலு இருந்துச்சு.”

மூன்றுதான் இருந்தன. கட்டிலுக்கடியில் தேடினான். கழிப்பறையில் தேடினான். சாலட்டுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தான்.

“மச்சானுக்கு மூணு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்போல,” என்றான் கிளிண்ட். அவன் ரோண்டாவின் அண்ணன்.

அன்று மாலைக்குள் டெல்மருக்கு ‘மூணுபட்டை’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் நகராட்சியில் குடிநீர் மீட்டர் பார்க்கிறவன். முகாமிலிருந்து திரும்பி வேலைக்குப் போனபோது, பெயர் அவனுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கிளிண்ட் ஒரு புதுப் பட்டையை ரிப்பன் சுற்றிப் பரிசளித்தான்.

ரோண்டா மட்டும் அந்தப் பெயரால் அவனை ஒருதரம்கூடக் கூப்பிட்டதில்லை. இத்தனைக்கும் ஒடுங்கினது அவள் வண்டி. “ஒரு தகரம்தானே, விடு,” என்றாள். கிளிண்ட் கேலியை ஆரம்பித்தால் உடனே பேச்சை மாற்றினாள். இப்படி ஒரு மனைவி வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று டெல்மர் பலமுறை நினைத்ததுண்டு.

ஆனால் கிளிண்ட் விடுகிற ஆள் இல்லை. இந்த வருடம் கிளம்புவதற்கு முன்பே எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டான்.

“இன்னொரு தடவை விழுந்துச்சுன்னா, இனிமே என் தங்கச்சி வண்டியை நான்தான் ஏத்துவேன். நீ நாற்காலி மடிச்சா போதும், மச்சான்.”

முகாமில் நாற்காலி மடிப்பது இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர்களின் வேலை.

டெல்மர் கிறிஸ்துமஸ் பட்டையையும் எடுத்து ஏழாவதாகக் கட்டினான்.

*

ஊரைத் தாண்டியதும் ட்ரெய்லர் ஆடத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு கல்யாண வீட்டில் இரண்டு குவளை பீர் குடித்த மாமாவைப்போல.

“பின்னாடி யாரு ஆடறது?” என்றாள் ரோண்டா.

பிரிட்ஜ்போர்ட் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, பின்சுவரை இறக்கினான். இறக்கியிருக்கக் கூடாது. வண்டி ஏற்றிய ட்ரெய்லர் திறந்தால், எங்கிருந்துதான் வருவார்களோ, நாலு ஆண்கள் வந்து பையில் கைவிட்டு நிற்பார்கள்.

இடுப்புவரை தாடி வைத்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இத்தனை பட்டை எதுக்கு? உள்ள காளை மாடா கட்டியிருக்க?”

“விழக் கூடாதுண்ணே.”

“விழாது. நீதான் ரோட்டுல விழுவ. கனம் பூரா வாலுல இருக்கு. ரெண்டு வண்டியையும் முன்னாடி தள்ளு.”

எல்லாவற்றையும் அவிழ்த்து, வண்டிகளை முன்னால் தள்ளி, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. தாடிக்காரர் தன் பங்குக்கு ஒரு பட்டையைக் குறுக்கே போட்டார். தட்டினார்.

“இது எங்கேயும் போகாது.”

ரோண்டா பக்கக் கதவு வழியாக உள்ளே போனாள். சற்று நேரத்தில் குரல் வந்தது.

“டெல், கழிப்பறைக் கதவு திறக்க மாட்டேங்குது.”

டெல்மர் எட்டிப் பார்த்தான். சிவப்பு வண்டியின் கைப்பிடி கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஒரு பட்டையை மட்டும் அவுத்தா கதவு...”

“வேணாம்,” என்றாள் ரோண்டா அவசரமாக. “ஒண்ணையும் அவுக்காதே. நான் இங்கயே பெட்ரோல் நிலையத்துல போய்க்கறேன்.”

என் கட்டு மேல் எவ்வளவு மரியாதை என்று டெல்மருக்கு நெஞ்சு நிறைந்தது.

*

அலயன்ஸில் சாப்பிட நிறுத்தினார்கள். கிண்ணத்தில் பீன்ஸ் போட்ட காரமான கறிக்குழம்பு, அதில் தோய்த்துச் சாப்பிட சர்க்கரைப் பாகு ஊற்றிய ரொட்டிச் சுருள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிப்போன ஜோடி.

மேசைமேல் இருந்த ரோண்டாவின் போன் மின்னியது. டெல்மர் பார்த்தான்.

“மார்ஜி செய்தி அனுப்பியிருக்கா. இந்த வருஷம் நேரா முகாமுக்கே வராளாம்.”

மார்ஜி ரோண்டாவின் பள்ளித் தோழி. இரண்டு மணி நேரம் தள்ளி வேறு ஊரில் இருக்கிறாள். போன வருடம் காரின் கூரையில் ஒரு சிறு படகைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு பாதி வழி இவர்களோடு வந்தாள். பிறகு ஏரிப் பக்கம் பிரிந்துவிட்டாள்.

ரோண்டாவின் ரொட்டிச் சுருள் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

“அவ எதுக்கு முகாமுக்கு? ஏரியில என்ன குறைச்சல்?”

“வரட்டுமே. இந்த வருஷம் வண்டி நிமிர்ந்து நிக்கறதை அவளும் பார்க்கட்டும்.”

“பார்க்கட்டும்,” என்றாள் ரோண்டா. மீதிக் குழம்பை அவள் தொடவில்லை.

வெளியே வந்து பின்சுவரை இறக்கிப் பார்த்தால், சிவப்பு வண்டிக்குக் கீழே எண்ணெய் சொட்டியிருந்தது. டெல்மர் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். வாகன நிறுத்தத்தில் இரண்டு கிழவர்கள் ஏற்கெனவே பையில் கைவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தொப்பி, ஒருவர் மொட்டை.

“முன் ஷாக்கை எலுமிச்சம்பழம் மாதிரி பிழிஞ்சு வச்சிருக்க. சீல் கசியுது. கொஞ்சம் தளர்த்து,” என்றார் தொப்பி.

தளர்த்தினான்.

“சைடு ஸ்டாண்டைப் போடு,” என்றார் மொட்டை.

போட்டான்.

“எடு,” என்றார் தொப்பி. “குலுங்கும்போது ஸ்டாண்டு வளைஞ்சிடும்.”

எடுத்தான்.

“போடுப்பா. நான் நாப்பது வருஷமா ஓட்டறேன்.”

“அவன் நாப்பது வருஷமா கீழ விழறான். நீ எடு.”

இருவரும் டெல்மரை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். 1980களில் யார் யாருடைய வண்டி எந்த வளைவில் விழுந்தது என்பதுவரை போனது. கடைசியில் ஆளுக்கொரு பட்டையைப் போட்டு, ஆளுக்கொரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள்.

ஊர் எல்லையில் ரயில் பாதையைக் கடக்கும்போது பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

டெல்மர் நிறுத்தினான். முன்பட்டை ஒன்றின் கொக்கி வளையத்திலிருந்து கழன்று தொங்கியது. தளர்த்தியதன் பலன். வண்டி விழவில்லை. மற்ற பட்டைகள் தாங்கிப் பிடித்திருந்தன. கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

“நீ ஓட்டு. நான் உள்ளயே உக்காந்து பிடிச்சுக்கிட்டு வரேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? வண்டியை நீ பிடிச்சுப்ப, உன்னை யாரு பிடிக்கறது?”

டெல்மர் மிச்சமிருந்த பட்டையைக் காட்டினான்.

“டெல், நான் சொல்றதைக் கேளு. விழுந்தா விழட்டும். ஒரு தகரம்.”

“தகரம் இல்ல ரோண்டா. போன வாரம் ஒரு வீட்டுல மீட்டர் பார்க்கப் போனேன். அந்தம்மா உள்ள திரும்பி, ‘மூணுபட்டை வந்திருக்கார், நாயைக் கட்டு’ன்னு சொன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, ‘இருங்க, நானே கட்டறேன்’னாங்க.”

ரோண்டா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“டெல்...”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. மெதுவா ஓட்டறேன்.”

*

மெதுவாகத்தான் ஓட்டினாள். அதுவே போலீஸ்காரர் கண்ணில் படக் காரணமாகிவிட்டது. சாட்ரன் தாண்டியதும் விளக்கு சுழல ஒரு கார் பின்னால் வந்தது.

“அம்மா, ஏதாவது கோளாறா? மாட்டுவண்டி மாதிரி போறீங்க. பின்கதவு இடுக்குல ஒரு பட்டை வேற ரோட்டுல இழுபட்டுக்கிட்டு வருது. திறந்து உள்ள விடுங்க.”

“திறக்கணுமா சார்?”

“திறக்கணும்.”

பின்சுவர் இறங்கியது. போலீஸ்காரர் தொப்பியைச் சற்றுத் தூக்கினார். பட்டைகள் சிலந்திவலையாகப் பின்னிக் கிடந்தன. வலையின் நடுவில், சிவப்பு மோட்டார் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி, சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு நடுவயது ஆள்.

போலீஸ்காரர் ரோண்டாவைப் பார்த்தார். கை மெல்ல இடுப்புப் பக்கம் போனது.

“உங்களை யாரு இப்படிக் கட்டினது?”

“நானேதான் சார்.”

“இந்தம்மா யாரு?”

“என் சம்சாரம்.”

“பயப்படாம சொல்லுங்க. நான் இருக்கேன்.”

டெல்மர் எல்லாவற்றையும் சொன்னான். சாலட், கிளிண்ட், நாற்காலி, நாய், ஒன்றும் விடவில்லை. போலீஸ்காரர் நோட்டை மூடினார். அவரிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தது. அவருக்கும் ஒரு மச்சான் இருந்தான்.

“முன்னாடி போய் சீட்டுல உக்காருங்க. ஓடற ட்ரெய்லர்ல ஆள் இருந்தா உயிர் போகும்,” என்றார். தன் கார் டிக்கியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வந்தார். டெல்மர் இருந்த இடத்தில் அதைக் கட்டினார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார்.

“இது எங்கேயும் போகாது.”

*

முகாமில் கிளிண்ட் காத்திருந்தான். கையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கத் தயாராக இருந்தான். பின்னால் இருபது பேர்.

“சாலட்டை வெளியே எடுத்தாச்சா, மூணுபட்டை?”

டெல்மர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளை விலக்கினான். பின்சுவர் மெல்ல இறங்கியது.

சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. நேராக, நூல் பிடித்ததுபோல.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். கிளிண்ட் உள்ளே ஏறி வண்டியைத் தோளால் தள்ளிப் பார்த்தான். ட்ரெய்லர்தான் அசைந்தது. பட்டைகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, பதினொன்றில் விட்டுவிட்டான்.

“சரி மச்சான்,” என்று போனைப் பைக்குள் போட்டான். “பேரை வாபஸ் வாங்கிட்டேன். அடுத்த வருஷம் என் வண்டியையும் நீயே கட்டிக் குடு.”

“போன வருஷமும் நாலு கட்டினேன், கிளிண்ட்.”

“அதை மட்டும் விடமாட்டியே.”

டெல்மருக்குக் கண் கலங்கியது. ரோண்டாவைத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

“இந்த ஊர் உலகத்துல நீ ஒருத்திதான் என்னை நம்பினே. நாலு கட்டினேன்னு நம்பினே இல்ல?”

“நம்பினேன்ப்பா,” என்றாள் ரோண்டா, அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி. “சத்தியமா நம்பினேன்.”

அப்போதுதான் கூரையில் படகோடு ஒரு கார் வந்து நின்றது. மார்ஜி இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். அவள் கையில் அழகாகச் சுருட்டிய ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று இருந்தது.

“ரோண்டா, இந்தாடி உன் பட்டை. போன வருஷம் சாட்ரன்ல படகு ஆடுதுன்னதும் உன் சிவப்பு வண்டியிலேருந்து அவுத்துக் குடுத்தியே, ஒரு வருஷமா படகு எங்கேயும் போகலை.”